பொலிஸ்காரர் வீட்டுக் கதவு

நீண்ட நாட்களாக ஓடும் குடும்பத் தொடர் நாடகங்களை ஆங்கிலம் பேசும் நாடுகளில் 'சோப் ஒபெரா' என்று அழைப்பார்கள். சோப் என்பது நம்முடைய சவர்க்காரந்தான். 1930 களில் அமெரிக்க வானொலி நிலையங்கள் பகல் வேளைகளில் வீட்டுப் பெண்களுக்காகத் தொடர் நாடகங்களை ஒலிபரப்பின. அவற்றுக்குப் பணம் கொடுத்தவை சவர்க்காரக் கம்பெனிகள். 1933 இல் தொடங்கிய 'மா பெர்கின்ஸ்' என்ற வானொலித் தொடர் ஒரு சலவைத் தூளின் பெயரைச் சொல்லிக்கொண்டே பல ஆண்டுகள் ஒலித்தது. பெயரிலேயே ஒரு கேலி இருக்கிறது. ஒபெரா என்ற பெருங்கலையையும் சட்டை தோய்க்கும் கட்டியையும் ஒன்றாக முடிந்துவிட்ட கேலி அது. இலக்கியக்காரர்களாகிய நாமும் இவ்வகை நாடகங்களை அந்தக் கேலியோடுதான் பார்த்து வந்திருக்கிறோம்.

இருந்தாலும் நேயர்களே, ஒன்றை நாம் ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும். பெருங்கலைகள் அரண்மனையையும் போர்க்களத்தையும் பாடிக்கொண்டிருந்தபோது, குசினிக்குள்ளே போய் உட்கார்ந்து கதை கேட்டது இந்தச் சவர்க்கார நாடகந்தான். யார் யாருடைய குசினிக்குள் அதனால் போக முடிந்தது, யாருடைய வீட்டு வாசலில் அது தடுத்து நிறுத்தப்பட்டது என்று கேட்டுப் பார்த்தால் ஒரு சமுதாயத்தின் வரலாறே வெளியில் வரும். இன்று நான் சொல்லப்போவது அப்படித் தடுக்கப்பட்ட ஒரு வாசலைப் பற்றி. பொலிஸ்காரர் வீட்டு வாசலைப் பற்றி.

டாக்டருடைய வீடு மிக முந்தியே திறந்து விட்டது. 1948 இல் பீ.பீ.சி. வானொலி 'மிஸிஸ் டேல்ஸ் டயரி' என்ற தொடரை ஆரம்பித்தது. ஒரு டாக்டரின் மனைவி எழுதும் நாட்குறிப்பாக அமைந்த கதை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக, 1969 வரை அது ஓடியது. கணவன் நோயாளியைப் பார்க்கப் போகிறான், மனைவி வீட்டிலிருந்து கவலைப்படுகிறாள். இவ்வளவுதான் அதன் அச்சாணி. பொலிஸ்காரரின் மனைவியும் வீட்டிலிருந்து கவலைப்படுகிறவள்தானே? இரவுக் கடமைக்குப் போன கணவன் முழுசாகத் திரும்பி வருவானா என்று டாக்டரின் மனைவியை விட அதிகமாகக் கவலைப்பட வேண்டியவள் அல்லவா? அவளுடைய நாட்குறிப்பை மட்டும் ஏன் எவரும் எழுதவில்லை?

இதற்கு விடை தேடினால், அந்த நாளைய இங்கிலாந்தில் பொலிஸ்காரர் வீடு எப்படிப்பட்ட வீடு என்பதைத் தெரிந்து கொள்ள வேண்டும். பல கான்ஸ்டபிள்கள் பொலிஸ் பகுதியார் கொடுத்த வீடுகளிலேயே குடியிருந்தார்கள். சொந்தமாக வேறு வீடு பார்ப்பதானாலும் மேலதிகாரியின் அங்கீகாரம் வேண்டும். மனைவி ஒரு சிறு கடை நடத்துவதானாலும் அது கணவனின் உத்தியோக விடயமாகிவிடும். கிராமப்புறங்களில் கான்ஸ்டபிளின் வீடே பொலிஸ் காவலரண். கணவன் சைக்கிளில் ரோந்து போயிருக்கும் நேரத்தில் கதவைத் தட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்வதும், தொலைபேசிச் செய்திகளை எழுதி வைப்பதும் மனைவியின் வேலை. அதற்குச் சம்பளம் இல்லை. அவள் சீருடை அணியாத, பெயர்ப் பதிவில்லாத இரண்டாவது கான்ஸ்டபிள்.

அதாவது, அந்த வீட்டுக்குள் நாடக ஆசிரியன் நுழைவதற்கு வெகு காலத்துக்கு முன்னரே பொலிஸ் திணைக்களம் நுழைந்து விட்டது. வீட்டின் உட்புறமும் திணைக்களத்தின் சொத்துப் போலவே கருதப்பட்டது. சொத்துக்காரன் தன் சொத்தைப் பிறர் படம் எடுப்பதை விரும்புவானா?

தொலைக்காட்சி தோன்றிய பிறகு முதலில் வந்த பொலிஸ்காரர் எல்லோருக்கும் பிடித்தவராகவே வந்தார். 1955 ஜூலையில் பீ.பீ.சி. தொலைக்காட்சி 'டிக்சன் ஒஃப் டொக் கிறீன்' என்ற தொடரைத் தொடங்கிற்று. எழுதியவர் டெட் வில்லிஸ். ஜோர்ஜ் டிக்சன் என்ற கான்ஸ்டபிளாக நடித்தவர் ஜக் வோர்னர். பொலிஸ் நிலையத்து நீல விளக்கின் கீழே நின்று, பார்ப்பவர்களை நேராக நோக்கி மாலை வணக்கம் சொல்லி, ஒரு சிறு கதையும் அதன் நீதியும் சொல்லி விடைபெறுவார். தொடர் 1976 இல் முடிவடைந்தபோது வோர்னருக்கு வயது 80.

இந்த டிக்சன் ஏற்கெனவே செத்துப்போன மனிதர் என்பதுதான் வேடிக்கை. 1950 இல் வெளியான 'தி புளூ லாம்ப்' என்ற திரைப்படத்தில் இதே டிக்சனை இதே வோர்னர் நடித்திருந்தார். அந்தப் படத்தில் ஓர் இளம் குற்றவாளி அவரைச் சுட்டுக் கொன்று விடுகிறான். வீட்டில் அவருடைய மனைவி எம் விதவையாகிறாள். ஐந்து ஆண்டுகள் கழித்து டெட் வில்லிஸ் டிக்சனை உயிர்ப்பித்தார். ஆனால் உயிர்த்தெழுந்த டிக்சன் மனைவியை இழந்தவர்! மேரி என்ற மகள் மட்டுமே அவருக்கு இருக்கிறாள். அவளும் நல்ல பிள்ளையாக அண்டி குரோபோர்ட் என்ற இளம் பொலிஸ்காரனை மணந்து கொள்கிறாள். படத்தில் கணவன் சாக மனைவி மிஞ்சினாள். தொடரில் கணவன் பிழைக்க மனைவி மறைந்தாள். எழுதியவரின் நோக்கம் எதுவாயினும் இதன் பலனை நாம் பார்க்கலாம். தேசத்துக்கே தகப்பன் போன்ற இந்தப் பொலிஸ்காரருக்கு வீடு இருந்தது, தேநீர் இருந்தது, மகளின் அன்பு இருந்தது. அவரோடு சண்டை பிடிக்கக்கூடிய ஒருத்தி மட்டும் அந்த வீட்டில் இல்லை.

கதவை உடைத்துத் திறந்தவர் ட்ரோய் கென்னடி மார்ட்டின் என்ற இளம் எழுத்தாளர். இங்கேயும் வானொலிக்கு ஒரு பங்கு உண்டு என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். கென்னடி மார்ட்டின் கூவைக்கட்டு நோயினால் படுக்கையில் கிடந்தார். பொழுது போகாமல் வானொலிப் பெட்டியைத் திருகியபோது பொலிஸாரின் அலைவரிசை கிடைத்தது. ரோந்து வண்டிகளுக்கும் தலைமையகத்துக்கும் இடையிலான பேச்சைக் கேட்டுக்கொண்டே கிடந்தார். டிக்சன் தொலைக்காட்சியில் பேசிய பேச்சுக்கும் இந்தப் பேச்சுக்கும் சம்பந்தமே இருக்கவில்லை. அந்த இரைச்சலில் இருந்துதான் 'ஸெட் கார்ஸ்' என்ற தொடர் பிறந்தது.

கதை நடக்கும் ஊருக்கு நியூடவுண் என்று பெயர் வைத்தார்கள். அதற்கு மாதிரி, லிவர்பூல் நகரத்துக்கு அருகிலுள்ள கேர்பி. 1951 இல் சில ஆயிரம் பேர் மட்டும் வாழ்ந்த இடம் அது. லிவர்பூலின் சேரிகளை இடித்து, அங்கிருந்த குடும்பங்களைக் கொண்டுவந்து அந்த வெளியிலே குடியேற்றினார்கள். 1961 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் கேர்பியின் தொகை 50,000 ஐத் தாண்டிவிட்டது. பழைய தெருவும் பழைய அயலும் அறுந்துபோன மக்கள். புது வீடுகள். அவர்களுக்கு நடுவே காரில் ரோந்து செல்லும் நான்கு இளம் பொலிஸ்காரர். கால்நடையாக ஊரைச் சுற்றி வந்து, ஆட்களைப் பெயர் சொல்லி அழைத்த டிக்சனின் காலம் முடிந்தது என்பதற்கு அந்தக் கார்களே அடையாளம்.

முதல் அத்தியாயங்களை நெறிப்படுத்தியவர் ஜோன் மக்ராத். பொலிஸாரைக் கொண்டாடுவது தங்கள் நோக்கமாக இருக்கவில்லை, ஒரு சமுதாயத்தின் உள்ளே நுழைவதற்கு அவர்களைத் திறவுகோலாகப் பயன்படுத்தவே எண்ணினோம் என்ற கருத்தை அவர் பின்னாளில் வெளியிட்டார். பொலிஸ்காரர் தட்டினால் எந்தக் கதவும் திறந்தாக வேண்டும். ஆகவே நாடகக் கமராவும் அவர் பின்னாலேயே எல்லா வீட்டுக்குள்ளும் போகலாம். நல்ல உபாயம். ஆனால் இந்த உபாயத்துக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. எல்லார் வீட்டுக் கதவையும் தட்டுகிற அந்தப் பொலிஸ்காரரின் சொந்த வீட்டுக் கதவை யார் தட்டுவது?

1962 ஜனவரி 2 ஆம் திகதி முதல் அத்தியாயம் ஒளிபரப்பாகியது. அந்த நாட்களில் இத்தகைய நாடகங்கள் கலையகத்தில் நடிக்க நடிக்க அப்படியே நேரடியாக ஒளிபரப்பாயின. தப்பு நேர்ந்தால் திருத்திக்கொள்ள வழி இல்லை. ஒரு கான்ஸ்டபிள் கொல்லப்பட்டிருக்கிறார். அதன் பின் பார்லோ, வட் என்ற இரு துப்பறியும் அதிகாரிகள் புதிய ரோந்துக் கார்களுக்கு நான்கு பேரைத் தெரிவு செய்கிறார்கள். அத்தியாயத்தின் சாரம் அவ்வளவுதான். தெரிவாகும் நால்வரில் ஒருவன் பொப் ஸ்டீல். அவனுடைய மனைவி ஜேனியைப் பார்க்கிறோம். அவள் கண்ணைச் சுற்றி அடிபட்ட கருமை. அடித்தவன் அவள் கணவன். பொலிஸ்காரன்.

இந்தக் காட்சியைப் பெரிய நாடகமாக்கவில்லை என்பதுதான் அதன் பலம். அழுகை இல்லை, வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை. பல வீடுகளில் காணக்கூடியதைப் போல, பேச்சோடு பேச்சாக அது கடந்து போகிறது. ஸ்டீல் கெட்டவனாகவும் சித்திரிக்கப்படவில்லை. அவன் அந்தத் தொடரின் நாயகர்களில் ஒருவன். நாம் விரும்பிப் பார்க்க வேண்டிய மனிதன்.

விளைவு உடனேயே வந்தது. லங்காஷயர் பொலிஸ் படையின் தலைவராக இருந்த கேணல் சென்ட் ஜோன்ஸ்டன் லண்டனுக்குச் சென்று, தொடரை நிறுத்த வேண்டும் என்று பீ.பீ.சி. யிடம் கேட்டார். அவருடைய படைதான் தொடரைத் தயாரிப்பதற்கு ஒத்துழைப்புக் கொடுத்திருந்தது. உதவி செய்தவர்களை இப்படி அவமானப்படுத்தலாமா என்பது அவர் மனத்தாங்கல். அதிலும் ஒரு நியாயம் இருந்ததை மறுப்பதற்கில்லை. பொலிஸார் மீது மக்களின் நம்பிக்கை தளர்ந்து வருகிறது என்ற கவலையில் 1960 இல் ஓர் அரச ஆணைக்குழு நியமிக்கப்பட்டிருந்தது. அதன் இறுதி அறிக்கை அதே 1962 இல்தான் வரவிருந்தது. தன்னுடைய ஆட்களின் மானத்தைக் காப்பது தன் கடமை என்று ஒரு தளபதி நினைத்தால் அதில் வியப்பில்லை.

ஆனால் நேயர்களே, முறைப்பாட்டைச் சற்றே புரட்டிப் பாருங்கள். பொலிஸ்காரன் மனைவியை அடிப்பதாகக் காட்டலாமா என்பதே பிரச்சினையாகியது. பொலிஸ்காரன் மனைவியை அடிக்கலாமா என்பது பிரச்சினையாகவில்லை. காயம் கண்ணில் இருந்தது. அவமானமோ காட்சியில் இருந்ததாகக் கருதப்பட்டது. அக்காலத்தில் இது பொலிஸாருக்கு மட்டும் உரிய மனப்பான்மையும் அல்ல. கணவன் மனைவியை அடிக்கும் வீட்டுக்கு அழைக்கப்படும் கான்ஸ்டபிள், அது வீட்டு விடயம் என்று சமாதானம் சொல்லிவிட்டுத் திரும்புவதே பெருவழக்காக இருந்தது. 'வீட்டு விடயம்' என்ற சொல்லே பொலிஸ் பாஷையில் ஒரு கதவுதான். அதைச் சொன்னதும் கதவு சாத்தப்பட்டு விடும்.

இப்போது ஜேனி ஸ்டீலின் நிலையை எண்ணிப் பாருங்கள். மற்றப் பெண்களுக்காவது பொலிஸைக் கூப்பிடலாம் என்ற எண்ணம் ஒன்று இருந்தது. வருகிறவர் உதவுவாரோ மாட்டாரோ, கூப்பிடுவதற்கு ஓர் இலக்கம் இருந்தது. இவள் கூப்பிட்டால் வருகிறவன் யார்? கணவனோடு ஒரே காரில் ரோந்து போகிற தோழன். இவள் எழுதும் முறைப்பாடு யார் மேசைக்குப் போகும்? கணவனுக்கு நற்சான்று எழுதுகிற மேலதிகாரியின் மேசைக்கு. இவள் வீட்டைவிட்டு ஓடினால் எந்த வீட்டை விட்டு ஓடுகிறாள்? பொலிஸ் பகுதியாரின் வீட்டை. இவ்வளவையும் கென்னடி மார்ட்டின் நினைத்து எழுதினாரா என்பது எனக்கு முக்கியமல்ல. ஒரு கண்ணின் கருமையை அவர் அங்கே வைத்தார். மிச்சத்தைக் காலம் எழுதியது.

காலம் மெதுவாகத்தான் எழுதியது. அடிபட்ட பெண்கள் அடைக்கலம் தேடக்கூடிய முதலாவது இல்லத்தை எரின் பிசி என்ற பெண்மணி லண்டனின் மேற்கே சிஸிக் என்ற பகுதியில் 1971 இல் திறந்தார். அடிக்கும் கணவனை வீட்டிலிருந்து விலக்கி வைக்க நீதிமன்றத்துக்கு வழி செய்த சட்டம் 1976 இல் நிறைவேறியது. இந்தத் திகதிகளை 1962 ஜனவரி 2 க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடைக்கல இல்லத்துக்கு ஒன்பது ஆண்டு முந்தியும் சட்டத்துக்குப் பதினான்கு ஆண்டு முந்தியும் அந்தக் கருத்த கண் தொலைக்காட்சித் திரையில் தெரிந்துவிட்டது. இலக்கியம் சட்டத்துக்கு முன்னால் நடக்கும் என்று மேடைகளில் பேசிக்கொள்கிறோமே, அதற்கு இதை விட நேரான எடுத்துக்காட்டு வேண்டுமா?

பீ.பீ.சி. தொடரை நிறுத்தவில்லை. 13 வாரங்களுக்கென்று திட்டமிடப்பட்ட முதற்பருவம் 31 அத்தியாயங்கள் வரை நீண்டது. பார்ப்போர் தொகை சில வாரங்களுக்குள்ளேயே ஒரு கோடியைக் கடந்தது. ஆனால் வெற்றியே இன்னொரு விதமாகக் கதவைச் சாத்தியது. பார்லோவையும் வட்டையும் ரோந்துக் கார் இளைஞர்களையும் மக்கள் நேசிக்கத் தொடங்கி விட்டார்கள். வாரம்தோறும் வீட்டுக்கு வருகிற விருந்தாளியைக் குற்றம் சொல்ல யாருக்கு மனம் வரும்? பொலிஸார் தோற்கவும் வேண்டும், அவர்களைக் கேள்வி கேட்கவும் வேண்டும் என்று விரும்பிய கென்னடி மார்ட்டின் சில மாதங்களிலேயே தொடரை விட்டு விலகிக்கொண்டார். 1967 இல் தொடர் வாரம் இரண்டு முறை, ஒவ்வொன்றும் 25 நிமிடம் என்ற அமைப்புக்கு மாறி 1971 வரை அப்படியே நடந்தது. அமைப்பில் அது சவர்க்கார நாடகத்தின் அமைப்பேதான். ஏறத்தாழ 800 அத்தியாயங்களோடு 1978 செப்டெம்பரில் முடிந்தபோது, கடைசி அத்தியாயத்தை எழுத கென்னடி மார்ட்டினையே அழைத்தார்கள். அந்த 800 இல் பாதிக்கும் குறைவானவையே இன்று எஞ்சியுள்ளன. ஒளிநாடாக்களை அழித்து மறுபடி பாவிப்பது அக்காலத்து வழக்கம். நல்லகாலம், முதல் அத்தியாயம் அழியவில்லை. ஜேனியின் கண் இன்னும் இருக்கிறது.

பொலிஸ் குடும்பத்தையே நடுவில் வைத்து ஒரு சவர்க்கார நாடகம் எழுதினால் என்ன என்ற எண்ணத்தை அவுஸ்திரேலியர் சோதித்துப் பார்த்தார்கள். மெல்பேர்ணின் குரோபோர்ட் நிறுவனம் 1977 இலிருந்து 1984 வரை 'கொப் ஷொப்' என்ற தொடரை நடத்தியது. பாதி குற்ற விசாரணை, பாதி பொலிஸாரின் சொந்த வாழ்வு. அது நன்றாகவே ஓடியது. 1983 இல் சிட்னியின் கிரண்டி நிறுவனம் நைன் அலைவரிசைக்காக 'வோட்டர்லூ ஸ்ரேஷன்' என்ற தொடரைத் தயாரித்தது. பொலிஸாரும் அவர்கள் குடும்பங்களுமே அதன் கதை. 1984 உடன் அது முடிந்துபோயிற்று. இன்று தொலைக்காட்சி வரலாறு எழுதுகிறவர்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்து போகிற பெயர் அது.

கிரண்டி நிறுவனத்தாருக்குச் சவர்க்கார நாடகம் தெரியாது என்று சொல்ல முடியாது. இதே அலைவரிசைக்கு அவர்கள் தயாரித்த 'தி யங் டொக்டர்ஸ்' என்ற ஆஸ்பத்திரித் தொடர் 1976 இலிருந்து 1983 வரை 1,396 அத்தியாயங்கள் ஓடியது. வேறோர் அலைவரிசைக்கு அவர்கள் தயாரித்த 'பிரிசனர்' என்ற பெண்கள் சிறைச்சாலைத் தொடர் 1979 இலிருந்து 1986 வரை 692 அத்தியாயங்கள் ஓடிக் கடல் கடந்தும் புகழ் பெற்றது. டாக்டர்கள் ஓடினார்கள். கைதிகள் ஓடினார்கள். பொலிஸ் குடும்பங்கள் மட்டும் ஓடவில்லை. ஒரு தொடர் நின்று போவதற்கு நேரம், போட்டி, பணம் என்று பல காரணங்கள் இருக்கும். ஆனாலும் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது எனக்கு ஓர் எண்ணம் தோன்றுகிறது.

ஆஸ்பத்திரித் தொடரைப் பார்க்கிறவர் தம்மை நோயாளியாக நினைத்துக்கொள்ள முடியும். சிறைச்சாலைத் தொடரைப் பார்க்கிறவர், ஆச்சரியமாக இருந்தாலும், கைதியின் பக்கமே சாய்ந்து கொள்வார். அடைபட்டிருப்பது என்றால் என்ன என்று வீட்டுப் பெண்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொலிஸ் குடும்பத்தைப் பார்க்கிறவர் எங்கே நிற்பது? பொலிஸ்காரரின் பக்கத்தில் நின்றால் அது டிக்சன் கதையாகிவிடும். வெளியே நின்றால் அயல்வீட்டுக்காரியின் வம்பாகிவிடும். நிற்பதற்கு உண்மையான இடம் ஒன்றுதான் உண்டு. மனைவியின் பக்கம். அங்கே நின்றால் சீருடையைக் கதவுக்கு உட்புறத்திலிருந்து பார்க்க வேண்டி வரும். இரவு கழற்றி மாட்டப்பட்ட சீருடை, காலையில் மறுபடி அணியப்படும் சீருடை, சிலவேளைகளில் கழற்றியும் கழராத சீருடை. காதலும் பிரிவும் கலியாணமுமாக நகர வேண்டிய ஒரு பொழுதுபோக்குத் தொடர் இவ்வளவு பாரத்தைச் சுமக்காது. சுமக்காமல் விட்டாலோ, பொலிஸ் குடும்பம் என்று சொல்வதற்கு அதில் எதுவும் மிஞ்சாது. எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தும் கதையாகிவிடும்.

இதை உணர்ந்தவர்கள் போல, அடுத்து வந்த ஒரு தொடர்க்காரர் கதவையே எடுத்துச் சுவராக்கி விட்டார்கள். லண்டன் பொலிஸ் நிலையம் ஒன்றைப் பற்றிய 'தி பில்' 1984 இல் தொடங்கியது. அதில் ஒரு விதி வைத்திருந்தார்கள். பொலிஸ்காரர் ஒருவரேனும் இல்லாத காட்சி வரக்கூடாது, பொலிஸ்காரரின் வீட்டு வாழ்க்கையும் வரக்கூடாது. கலை நோக்கில் அது கச்சிதமான விதி. நீண்ட காலம் அது அந்தத் தொடருக்கு ஓர் இறுக்கத்தைக் கொடுத்தது. 2000 க்குப் பிறகு அந்த விதியைத் தளர்த்தியபோது தொடர் சவர்க்கார நாடகமாகிவிட்டது என்று பழைய ரசிகர்கள் குறைப்பட்டார்கள். 2010 இல் அது நின்றது. வீட்டை விலக்கினால் இறுக்கம், வீட்டைச் சேர்த்தால் தளர்ச்சி என்ற கணக்கு விமர்சகர் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது, பார்த்தீர்களா? குற்றவாளியைத் துரத்துவது கனமான விடயம். மனைவியோடு பேசுவது இலேசான விடயம்!

இந்தக் கணக்கைத் தலைகீழாக்க முயன்ற ஒரு தொடரையும் சொல்ல வேண்டும். 1980 இலிருந்து 1985 வரை பீ.பீ.சி. ஒளிபரப்பிய 'ஜூலியட் பிராவோ'. ஆக்கியவர் ட்ரோய் கென்னடி மார்ட்டினின் சகோதரர் இயன் கென்னடி மார்ட்டின். அதே லங்காஷயர்ப் பிரதேசம், கற்பனையான ஒரு சிறுபட்டினம். ஆனால் இன்ஸ்பெக்டர் ஒரு பெண், ஜீன் டார்ப்லி. வீட்டில் இருப்பவர் கணவர். தமையன் தம்பி இருவரில் ஒருவர் பொலிஸ்காரரின் மனைவியைக் காட்டினார், மற்றவர் அவளுக்கே சீருடையை அணிவித்தார். அந்த வீட்டுக்குள்ளே வேலைக் களைப்பு வந்தது, பொறுமையின்மை வந்தது, யார் சமைப்பது என்ற கேள்வியும் வந்தது. உலகம் இடிந்து விழவில்லை. தொடரும் தளரவில்லை.

ஆக, வீடு கதையைப் பலவீனமாக்கும் என்பது பொய். வீட்டில் உள்ள உண்மையைச் சொல்லாமல் வீட்டை மட்டும் காட்டுவதுதான் கதையைப் பலவீனமாக்கும்.

இதெல்லாம் பழைய தொலைக்காட்சிக் கதை, இதற்கு இத்தனை பேச்சா என்று நீங்கள் கேட்கலாம். பழைய கதை அல்ல. 2020 மார்ச் மாதத்தில், இங்கிலாந்தில் பெண்களின் உரிமைக்காக வழக்காடும் ஒரு சட்ட அமைப்பு, பொலிஸாரைக் கண்காணிக்கும் உயர் நிறுவனங்களிடம் விசேட முறைப்பாடு ஒன்றைக் கொடுத்தது. விடயம், பொலிஸ்காரரே வீட்டில் வன்முறை செய்கிறவராக இருக்கும்போது பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்பது. அந்தப் பெண்கள் சொன்னவை எவை? கணவனின் தோழர்களே விசாரிக்க வருகிறார்கள் என்ற அச்சம். தான் சொல்வது கணவனின் காதுக்குப் போய்விடும் என்ற அச்சம். கணவனுக்குச் சட்டமும் தெரியும், சட்டத்தைச் சுற்றி நடக்கவும் தெரியும் என்ற அச்சம். 2022 ஜூன் மாதத்தில் வெளிவந்த விசாரணை அறிக்கை, இத்தகைய முறைப்பாடுகளைப் பொலிஸ் படைகள் கையாளும் விதத்தில் பாரதூரமான குறைகள் இருப்பதை ஏற்றுக்கொண்டது.

1962 க்கும் 2022 க்கும் இடையே அறுபது ஆண்டுகள். ஜேனி ஸ்டீல் ஒரு கற்பனைப் பெண். ஆனால் அவள் கேட்காமல் விட்ட கேள்விகளை அறுபது ஆண்டுகள் கழித்து உண்மைப் பெண்கள் கேட்டார்கள். அன்று லண்டனுக்கு விரைந்த தலைவர், திரையில் தெரிந்தது தம்முடைய படையின் மீது பூசப்பட்ட சேறு என்று எண்ணினார். அது சேறு அல்ல, சாட்சியம். அந்தச் சாட்சியத்தை அன்றே செவிமடுத்திருந்தால், அறுபது ஆண்டு என்ற அந்த இடைவெளி கொஞ்சமாவது குறைந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

எழுத்தாளருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. அதிகாரம் தெருவில் நடந்து போகும்போது எல்லோரும் பார்க்கிறார்கள், அதைப் பற்றி எழுதவும் பலர் உண்டு. அதே அதிகாரம் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சாப்பிட உட்காரும்போது எப்படி இருக்கிறது என்பதைப் பார்க்கிறவள் ஒருத்தி மட்டுந்தான். அவளிடம் நாட்குறிப்பு இல்லாமல் இருக்கலாம். அவள் பேசும் பாஷையை விமர்சகர்கள் சவர்க்கார நாடகம் என்று சிரிக்கலாம். அவள் கதையைச் சொன்ன தொடர் ஓராண்டுக்குள் நின்றும் போகலாம். ஆனால் ஓர் அரசாங்கத்தின் சுபாவத்தை அறிய விரும்புகிறவர்கள், பொலிஸ் நிலையத்துக் குறிப்பேட்டைப் புரட்டுவதோடு நின்றுவிடக் கூடாது. பொலிஸ்காரர் வீட்டுக் கதவையும் ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும். திறக்கிறவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டும்.